லண்டன் – சிட்னி: தொலைவும் பயண நேரமும்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சிட்னியின் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித் விமான நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,020 கிலோமீட்டர். பெருந்திரளாகப் பயணிகள் போய்வரும் நகரங்களில் இவ்வளவு தள்ளி இருப்பவை அரிது. பூமியின் மேற்பரப்பில் எந்த இரு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கிடையே இருக்கக்கூடிய அதிகபட்சத் தொலைவு பூமிச் சுற்றளவில் பாதி, அதாவது சுமார் 20,000 கி.மீ. லண்டனுக்கு நேர் எதிராக, பூமிப்பந்தின் மறுபுறத்தில் இருப்பது நியூசிலாந்துக்குத் தென்கிழக்கே உள்ள வெறுங்கடல். அந்தப் பகுதியில் உள்ள சிறு தீவுக்கூட்டத்துக்கு ஆன்டிபோடீஸ் தீவுகள் என்று பெயர் வந்ததும் இதனால்தான். சிட்னி அந்த எல்லையில் 85 விழுக்காடு தூரத்தில் இருக்கிறது.

இந்தத் தொலைவு மாறுவதில்லை. அதைக் கடக்கும் நேரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: 1919இல் டார்வின் வரை ஏறத்தாழ 28 நாள், 1935இல் பிரிஸ்பேன் வரை பன்னிரண்டரை நாள், 1947இல் 4 நாள், இன்று வழியில் ஒரே ஒரு நிறுத்தத்துடன் சுமார் 23 மணி. இன்றைக்கும்கூடப் போகிற நேரமும் திரும்பி வருகிற நேரமும் ஒன்றல்ல; கோடையில் ஒரு கணக்கு, குளிர்காலத்தில் வேறொரு கணக்கு. இரு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் தொலைவைக் காட்டி, அதை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து நேரத்தையும் சொல்லிவிடும் பட்டியல்கள் ஏராளம். அவற்றில் உள்ள தொலைவை நம்பலாம். நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்பதற்கான காரணங்கள் வடிவியல், வானிலை, எரிபொருள், அரசியல், கடிகாரம் என்று பல துறைகளில் சிதறிக் கிடக்கின்றன.

தொலைவை அளப்பது எப்படி

ஒரு கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு, கோளத்தின் மையத்தையும் அந்த இரு புள்ளிகளையும் சேர்த்து வெட்டும் தளம் உண்டாக்கும் வட்டத்தின் ஒரு பகுதி. இதைப் பெருவட்டம் என்கிறார்கள். மேசை உலக உருண்டையில் லண்டன் மேல் ஒரு நூல் நுனியை வைத்து, மறு நுனியைச் சிட்னி வரை இறுக்கி இழுத்தால் நூல் தானாகவே பெருவட்டத்தில் படியும். இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் கோள முக்கோணவியல் சூத்திரம் ஒன்றே போதும். ஹீத்ரோ வடக்கு 51.47 பாகை, மேற்கு 0.45 பாகை, சிட்னி தெற்கு 33.95 பாகை, கிழக்கு 151.18 பாகை. இரண்டுக்கும் இடையே பூமியின் மையத்தில் உண்டாகும் கோணம் சுமார் 153 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 17,020 கி.மீ. வருகிறது.

பூமி சரியான கோளம் அல்ல. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. இந்தச் சப்பட்டையான வடிவத்தைக் கணக்கில் எடுக்கும் முறைகளும் உண்டு; 1975இல் வின்சென்டி வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. லண்டன் – சிட்னி தொலைவில் இந்தத் திருத்தம் உண்டாக்கும் வேறுபாடு சில கிலோமீட்டர் மட்டுமே. விமானம் தரைக்கு மேலே 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் பாதை சற்று நீள்கிறது. முழுப் பயணத்துக்கும் சேர்த்து அது 30 கி.மீ.க்குள் அடங்கிவிடும். பயண நேரத்தை இந்த நுட்பங்கள் பாதிப்பதில்லை.

தவறான எண்ணத்தைத் தருவது, தட்டையான வரைபடம் கண்ணில் ஏற்படுத்தும் மயக்கம். வகுப்பறைச் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் காணப்படும் மெர்கேட்டர் வரைபடத்தில் லண்டனையும் சிட்னியையும் அளவுகோல் வைத்து நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு தென்னிந்தியாவைக் கடந்து செல்லும். மதுரைக்குச் சற்று வடக்கே, திண்டுக்கல்லை ஒட்டி வந்து, இராமேசுவரத்துக்கு அருகே பாக் நீரிணையைத் தாண்டி, இலங்கையின் வடபகுதியின் மேல் போகும். பார்வைக்கு இதுவே நேர்வழி. நீளம் சுமார் 17,700 கி.மீ.; பெருவட்டத்தைவிட ஏறத்தாழ 700 கி.மீ. அதிகம்.

உண்மையான குறுக்குவழி வேறு திசையில் கிளம்புகிறது. லண்டனிலிருந்து வடகிழக்காகப் புறப்பட்டு, வடகடலையும் பால்டிக் கடலையும் லாத்வியாவையும் தாண்டி, மாஸ்கோவுக்கு வடமேற்கே 57 பாகை அட்சரேகை வரை ஏறுகிறது. அங்கிருந்து மெல்லத் தெற்கே திரும்பி ரஷ்யா, கசகஸ்தான், சீனா, தென்சீனக் கடல், பலவான் தீவு என்று இறங்கி, இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே நடுக்கோட்டைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறது. தென்கிழக்கே உள்ள ஊருக்குப் போக வடகிழக்கே கிளம்புவது தட்டை வரைபடத்துக்குப் பழகிய கண்ணுக்கு விந்தையாகத் தோன்றும். உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் வியப்பு மறைந்துவிடும். புவியியல் பாடத்தில் வரைபடத்தோடு உருண்டையும் வகுப்பறைக்கு வரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

நாள்கள் மணிகளான வரலாறு

இந்த வழியை முதலில் வானில் கடந்தவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்களும், உடன் சென்ற இயந்திரப் பொறுப்பாளர்களான பென்னட், ஷியர்ஸ் ஆகியோரும். இங்கிலாந்திலிருந்து 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது. விக்கர்ஸ் விமி என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். ஆன நேரம் 27 நாள் 20 மணி. அதில் வானில் இருந்தது 136 மணிக்கும் குறைவு. சுமார் 18,000 கி.மீ. பாதையை மணிக்கு 130 கி.மீ. அளவிலான சராசரி வேகத்தில் கடந்திருக்கிறார்கள். மீதி நேரம் முழுவதும் தரையில் கழிந்தது: எரிபொருள் நிரப்ப, பழுதுபார்க்க, விடியலுக்குக் காத்திருக்க, சேறான திடல்களிலிருந்து விமானத்தை மீட்டு எழுப்ப. பறந்த நேரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்த வழியின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த மீதி நான்கு பங்கைக் குறைக்கும் முயற்சி என்றே கொள்ளலாம்.

1935இல் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் சேர்ந்து லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே பயணிகள் சேவையைத் தொடங்கின. பயணம் பன்னிரண்டரை நாள். இரவில் பறப்பதில்லை, பயணிகள் ஒவ்வொரு மாலையும் இறங்கி ஓய்வு விடுதியில் தங்கினார்கள். பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம் வரை ரயிலில் போகவேண்டியிருந்தது. இத்தாலி தன் வான்பரப்பைத் தாராளமாகத் திறந்துவிடாததே காரணம். வான்பரப்பு அரசியல் பயண நேரத்தைத் தீர்மானிப்பது இந்த வழியில் முதல் நாளிலிருந்தே இருந்துவருகிறது. 1938இல் ஷார்ட் எம்பயர் பறக்கும் படகுகள் வந்தன. ஆறுகளிலும் ஏரிகளிலும் துறைமுகங்களிலும் இறங்கி ஏறி, சிட்னியின் ரோஸ் பே வரை சுமார் பத்து நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் இந்த வழி நடுவில் அறுந்தது. அறுந்ததை ஒட்டவைத்த இடம் இலங்கை. காலிக்கு அருகே கொக்கல ஏரியில் இருந்த பறக்கும் படகுத் தளத்துக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே 1943 நடுப்பகுதியிலிருந்து 1945 வரை குவாண்டாஸ் கேட்டலினா விமானங்கள் இடைநில்லாமல் இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. தொலைவு 5,650 கி.மீ. கேட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவில்தான். அதனால் ஒரு கடப்புக்கு 27 முதல் 32 மணிக்கு மேல்வரை ஆயிற்று. மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் வானொலியை மௌனமாக வைத்துக்கொண்டு, விண்மீன்களைப் பார்த்துத் திசை கண்டார்கள். எரிபொருளே எடையை எல்லாம் தின்றுவிட்டதால் பயணிகள் மூவருக்கும் சிறிதளவு அஞ்சல் பைகளுக்கும் மட்டுமே இடம். ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டதால் இவை இரட்டைச் சூரியோதயப் பறப்புகள் எனப்பட்டன. வானில் கழித்த நேரத்தைக் கொண்டு பார்த்தால் இன்றைய எந்தப் பயணிகள் சேவையும் இவற்றை நெருங்கவில்லை. ஆயுதமற்ற மெதுவான விமானத்தில், எதிரியின் ரோந்து எல்லைக்குள், 200க்கும் மேற்பட்ட முறை இந்தக் கடலைக் கடந்தவர்களின் துணிவு விமான வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை என்றே சொல்லவேண்டும்.

போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 1 அன்று, லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானத்தில் குவாண்டாஸ் சிட்னி – லண்டன் சேவையைத் தொடங்கியது. கங்காரு வழி என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி ஆகிய இடங்களில் நின்று நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. முதல் பயணத்தில் 29 பயணிகளும் 11 பணியாளர்களும் இருந்தார்கள். மூன்று பயணிகளுக்கு ஒருவருக்கும் மேற்பட்ட பணியாளர் என்ற இந்த விகிதமே அன்றைய கட்டணத்தின் உயரத்தை விளக்கிவிடும்.

1959இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் குவாண்டாஸுக்கு வந்தன. கான்ஸ்டலேஷன் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் போனது, 707 ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் போனது. பயணிகள் விமானத்தின் வேகம் இந்த வழியில் அடைந்த கடைசிப் பெரிய உயர்வு இதுதான். இன்றைய போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களும் ஒலியின் வேகத்தில் 85 விழுக்காட்டில், அதே 900 கி.மீ.யை ஒட்டித்தான் பறக்கின்றன. அதற்குப்பின் வந்த 747 முதலிய விமானங்கள் கொண்டுவந்த லாபம் வேகத்தில் இல்லை. அதிக எரிபொருள் சுமந்து நிறுத்தங்களைக் குறைத்ததில் இருக்கிறது.

வேகத்தைக் கூட்டிப் பார்த்த ஒரே முயற்சி கான்கார்ட். மணிக்கு 2,100 கி.மீ.க்கு மேல் பறக்கும் அந்த விமானத்தை பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1977 டிசம்பரில் பஹ்ரைன் வழியாக லண்டன் – சிங்கப்பூர் பாதையில் இயக்கின. ஒலியதிர்வு குறித்து மலேசியா எதிர்ப்புத் தெரிவிக்க, சில பயணங்களிலேயே சேவை நின்றது. இந்தியாவும் தன் நிலப்பரப்பின் மேல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்க அனுமதிக்கவில்லை. 1979இல் மீண்டும் தொடங்கி 1980இல் முற்றாக முடிந்தது. மக்கள் வாழும் நிலத்தின் மேல் அந்த வேகத்தில் பறக்க முடியாது. கடல்களைச் சுற்றிப் போனால் வேகத்தின் பயன் கரைந்துவிடும். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே இருப்பதில் பெரும்பகுதி நிலம்.

பறக்கும் பாதையை யார் தீர்மானிக்கிறார்கள்

1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்பரப்பில் முழு இறையாண்மை உண்டு என்று உறுதிசெய்தது. ஒரு நாட்டின் மேல் பறக்க அனுமதி வேண்டும்; கட்டணமும் உண்டு. எனவே பெருவட்டம் கணிதத்தில் கிடைத்தாலும் நடப்பில் கிடைப்பதில்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வான்பரப்பை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. லண்டன் – சிட்னி பெருவட்டத்தின் பெரும் துண்டு ஒன்று ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அத்தோடு இல்லாமல் போயிற்று. இதன் தாக்கம் வெளிப்படையாகத் தெரிந்த இடம் ஹெல்சிங்கி – டோக்கியோ. ஒன்பதரை மணி அளவில் இருந்த அந்தப் பயணம் ஏறத்தாழ 13 மணியாக நீண்டது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பட்டியல் காட்டும் தொலைவும் மாறவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றுக்கொன்று வான்பரப்பை 2019இலும் 2025இலும் மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் இதே சுமையை ஏற்றன. 2025இல் வட அமெரிக்காவிலிருந்து திரும்பிய சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பவேண்டி வந்தது.

மூடப்படாத வான்பரப்பும் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைன் மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அவர்கள் பறந்த உயரம் அன்று அனுமதிக்கப்பட்ட உயரமே. அதன்பின் போர்ப் பகுதிகளைச் சுற்றிப் போவதில் நிறுவனங்கள் கூடுதல் எச்சரிக்கை காட்டுகின்றன. அதனால் கூடும் நிமிடங்களை எந்தப் பயணியும் குறைகூறுவதற்கில்லை.

இடையில் நிற்கும் ஊரைத் தேர்ந்தெடுப்பதிலும் வடிவியல் பேசுகிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால் லண்டன் – சிங்கப்பூர் சுமார் 10,890 கி.மீ., சிங்கப்பூர் – சிட்னி சுமார் 6,290 கி.மீ., மொத்தம் 17,180. பெருவட்டத்தைவிட 160 கி.மீ. மட்டுமே கூடுதல். துபாய் வழியாக மொத்தம் 17,540 அளவில் வரும். பெர்த் வழியாக 17,780. மறுபுறமாக லாஸ் ஏஞ்சலஸ் வழியே சென்றால் 20,800ஐத் தாண்டிவிடும். நெடுங்காலமாக இந்த வழியில் சிங்கப்பூருக்குச் சிறப்பிடம் இருப்பது தற்செயல் அல்ல. 2013 முதல் 2018 வரை ஐந்தாண்டு துபாய்க்கு மாறிய குவாண்டாஸ், பிறகு சிங்கப்பூருக்கே திரும்பியது.

காற்று

வட, தென் அரைக்கோளங்கள் இரண்டிலும் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வலுவான காற்றோட்டங்கள் உண்டு. மணிக்கு 150 கி.மீ. வேகம் சாதாரணம், குளிர்காலத்தில் 300ஐயும் தாண்டும். ஜப்பானின் தட்டேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு 1920களில் இதை அளந்தவர் ஓயிஷி வாசபுரோ. உலகம் முழுவதும் படிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 1926இல் தன் முடிவுகளை எஸ்பராண்டோ மொழியில் வெளியிட்டார். வெளிநாடுகளில் அது கவனம் பெறவே இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் மேல் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் நேரடியாகச் சிக்கியபோதுதான் அதன் வலிமை பரவலாகத் தெரியவந்தது.

விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்த வேகம். தரையைப் பொறுத்த வேகம், காற்றின் வேகத்தைக் கூட்டியோ கழித்தோ வருவது. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த ஒரு போயிங் 747, புயல் தந்த பின்காற்றால் தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டி, 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறரை மணி ஆகும்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. கணக்கு அப்படி வருவதில்லை. 9,000 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் போய்வர 20 மணி. மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் ஒருவழிக்கு 9 மணி, மறுவழிக்கு 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றுக்குள் செலவாகும் நேரம் அதிகம் என்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடக் கூடுதல். லண்டனிலிருந்து சிட்னிக்குக் கிழக்கு நோக்கிப் போவதைவிட, சிட்னியிலிருந்து லண்டனுக்கு மேற்கு நோக்கி வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாவது மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றால்தான். அன்றைய காற்றுக்கு ஏற்ப ஒவ்வொரு நாளும் பாதை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. நல்ல பின்காற்றுக்காகச் சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போவது சில நாள்களில் லாபமாகவே முடியும்.

எரிபொருளும் இடைநில்லாப் பயணமும்

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். இதுவே நீண்ட பறப்பின் அடிப்படைச் சிக்கல். போயிங் 787-9 விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 254 டன்; முழு எரிபொருள் சுமார் 100 டன். எடையில் ஐந்தில் இரண்டு பங்கு எரிபொருள். அதற்கு மேலும் தூரம் போகவேண்டுமானால் பயணிகளையோ சரக்கையோ குறைக்கவேண்டும். அத்துடன், போய்ச்சேரத் தேவையான அளவை மட்டும் நிரப்பிக்கொண்டு எந்த விமானமும் கிளம்ப முடியாது. எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கு, சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போகும் அளவு, அதற்கும் மேலாக 30 நிமிடம் வட்டமடிக்கும் அளவு என்று விதிப்படி இருப்பு வைத்தாக வேண்டும்.

லண்டன் – சிட்னி முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் கடக்க முடியும் என்று முதலில் காட்டியது 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய போயிங் 747-400. கட்டணப் பயணிகள் இல்லை; அடர்த்தி கூடிய சிறப்பு எரிபொருள் நிரப்பப்பட்டது; தரையில் ஊர்ந்து செல்வதில் ஒரு துளியும் வீணாகக்கூடாது என்று ஓடுபாதை முனைவரை இழுவை வண்டியால் இழுத்துச் செல்லப்பட்டது. 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியில் இறங்கியது. அந்த விமானம் இப்போது சிட்னிக்குத் தெற்கே ஷெல்ஹார்பரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாதனை சாதனைதான், பயணிகள் இல்லாத விமானத்தை வைத்து வணிகம் நடத்த முடியாது.

முப்பது ஆண்டு கழித்து, 2019 நவம்பர் 14 அன்று காலை 6:09க்கு, ஒரு 787-9 ஹீத்ரோவிலிருந்து கிளம்பி 19 மணி 19 நிமிடத்தில் சிட்னி சேர்ந்தது. இதிலும் சுமார் ஐம்பது பேர் மட்டுமே. இது ஆய்வுப் பறப்பு: விமானிகளின் விழிப்புநிலை, பயணிகளின் உறக்கம், உணவு வேளைகள், விளக்கொளி ஆகியவற்றைச் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அளந்தார்கள். பறந்த தூரம் ஏறத்தாழ 17,800 கி.மீ. அன்று ரஷ்ய வான்பரப்பு திறந்திருந்தது என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும்.

இதற்கிடையில் 2018 மார்ச்சில் பெர்த் – லண்டன் இடைநில்லாச் சேவை தொடங்கிவிட்டது. 14,500 கி.மீ., சுமார் 17 மணி. ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாவையும் நேரடியாக இணைத்த முதல் ஒழுங்குச் சேவை இது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வடிவத்தைக் கொண்டு சிங்கப்பூர் – நியூவார்க் சேவையை மீண்டும் தொடங்கியது, 15,344 கி.மீ., 18 மணியைத் தாண்டும் பயணம். சிட்னி – லண்டனை இடைநில்லாமல் இணைப்பதற்கென்று குவாண்டாஸ் 2022 மே மாதம் 12 ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் கொள்ளும் எரிபொருள் தொட்டி, 238 இருக்கைகள் மட்டுமே. அதே விமானத்தில் 300க்கு மேல் இருக்கைகள் போடுவது வழக்கம். மிச்சமாகும் மணிகளுக்கு விலை, குறைந்த இருக்கைகளும் அதனால் கூடும் கட்டணமுமாக வருகிறது.

இடைநில்லாப் பயணம் எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. குறிப்பிட்ட தூரத்துக்கு மேல், கடைசி மணிகளுக்கான எரிபொருளை முதல் மணியிலிருந்தே சுமப்பதால் ஆகும் செலவு, நடுவில் ஒருமுறை இறங்கி ஏறும் செலவை மிஞ்சிவிடும். நேரம் மிச்சமாகும், எரிபொருள் மிச்சமாகாது.

கடிகாரம் காட்டும் நேரம்

பயண அட்டவணையில் அச்சாகும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கிய கணத்திலிருந்து, சேருமிடத்தில் நிறுத்தப்படும் கணம் வரை உள்ள நேரம் அது. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும், வந்திறங்கும்போது நகரைச் சுற்றியுள்ள நான்கு காத்திருப்பு வட்டங்களில் சுழல்வதும் இதில் அடக்கம். சிட்னி விமான நிலையத்துக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு. ஹீத்ரோவிலும் இரவுப் பறப்புகளுக்குக் கடுமையான வரம்பு உண்டு. புறப்படும் நேரத்தைச் சேருமிடத்தின் உறக்கம் முடிவு செய்கிறது.

இரு நகரங்களின் கடிகார வேறுபாடும் ஒன்றாக நிற்பதில்லை. இங்கிலாந்தில் கோடை என்றால் சிட்னியில் குளிர்காலம். இரண்டும் தத்தம் கோடையில் ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்வதால், வேறுபாடு வடக்கின் கோடையில் 9 மணி, வடக்கின் குளிர்காலத்தில் 11 மணி. மாற்றத் தேதிகள் ஒத்துப்போகாததால் மார்ச் – ஏப்ரலில் ஒரு வாரமும் அக்டோபரில் சில வாரமும் 10 மணி. ஜனவரியில் லண்டனில் திங்கள் இரவு 9 மணிக்குக் கிளம்பி 23 மணி பயணம் செய்தவர் சிட்னியில் இறங்கும்போது புதன் காலை 7 மணி. செவ்வாய்க்கிழமையே அவருக்கு வானில் போய்விட்டது. எதிர்த்திசையில், சிட்னியில் திங்கள் மாலை 4 மணிக்குக் கிளம்பி 24 மணி பயணம் செய்தவர் லண்டனில் செவ்வாய் காலை 5 மணிக்கே இறங்குவார். கடிகாரப்படி 13 மணி. உடலுக்கு 24 மணி. உண்மையான நேரம் தெரியவேண்டுமானால் இரு ஊர் நேரங்களையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிக் கழிக்கவேண்டும்.

உடலின் உள்கடிகாரம் இந்தக் கழித்தலை அத்தனை எளிதாக ஏற்பதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி வேறுபாட்டைத்தான் அது சரிசெய்துகொள்ளும். கிழக்கு நோக்கிப் போகும்போது இன்னும் தாமதம். ஆக, சிட்னியில் இறங்கியவர் முழுதாக வந்துசேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

இனி எவ்வளவு குறையும்

1959க்குப் பிறகு பறக்கும் வேகம் உயரவில்லை. குறைந்ததெல்லாம் தரையில் நின்ற நேரம். ஒவ்வொரு நிறுத்தமும் இறங்குதல், எரிபொருள் நிரப்புதல், மீண்டும் ஏறுதல் என்று இரண்டு, மூன்று மணியை எடுத்துக்கொண்டது. ஆறு நிறுத்தங்கள் ஒன்றாகச் சுருங்கிவிட்டன. அந்தக் கடைசி நிறுத்தமும் போனால் மிச்சமாவது அதிகபட்சம் நான்கு மணி. அதற்குப்பின் நீக்குவதற்கு எதுவும் இல்லை. 17,020 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால் 18 மணி 55 நிமிடம். இந்த வேகத்தில் பறக்கும் எந்த விமானமும், காற்று உதவினாலன்றி, அதற்குக் கீழே போக முடியாது.